மைக்கைக் கண்டால் புரொபஸருக்கு ஜுரம்!

வகுப்பில் ஒரு மணி நேரம் வெளுத்து வாங்குகிற பேராசிரியர், ரேடியோவில் திணறுவது ஏன்? மாணவன் எழுந்து ஓட முடியாது. நேயர் பட்டனைத் திருகிவிடுவார்!

செஞ்சிப் பக்கம் சீயமங்கலம் குடைவரை பற்றிக் கேட்டால், நம்மவர் பல்லவர் வம்சாவளியில் ஆரம்பிப்பார். மகேந்திரவர்மன் வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். அடுத்த வாரம் அதே நாற்காலியில் புதையல் கதை விடுகிற ஆசாமி!

‘1,400 வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராஜா உங்க ஊர்ப் பாறையைக் குடைஞ்சு சிவன் கோயில் ஆக்கினான்’ என்று முதல் வரியிலேயே போட்டு உடையுங்கள், சார்!

2004-லேயே அண்ணா பல்கலைக்கழகம் சொந்த எஃப்.எம். தொடங்கிவிட்டது. இன்னும் என்ன கூச்சம்? டி.வி. என்றால் பொடிக்கோடு சட்டை மட்டும் வேண்டாம், காமிராவில் நெளியும்.

ஒத்திகைக்குச் செல்போன் போதும். இரண்டு நிமிஷம் பேசிப் பதிவு செய்து, வீட்டம்மாவிடம் போட்டுக் காட்டுங்கள். கொட்டாவி விட்டாரா? மறுபடி முதலிலிருந்து!