வாசலில் தொங்கும் சான்று

பெரிய தொழிற்சாலைகளின் வாசலில் ஒரு பலகை இருக்கும். "ஐ.எஸ்.ஓ. 9001 சான்று பெற்ற நிறுவனம்" என்று அதில் எழுதியிருக்கும்.

ஊரிகம் மக்களுக்கு இது புதிதல்ல. தங்கவயலிலேயே பெமல் தொழிற்சாலை இருக்கிறது. பெமல் 1964-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். புல்டோசர் போன்ற மண் வாரும் இயந்திரங்களை இங்கே செய்கிறார்கள். பெமலின் உற்பத்திப் பிரிவுகள் இந்தச் சான்றைப் பெற்றவை.

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அதன் பிறகு பல குடும்பங்கள் பெங்களூரை நம்பி வாழ்கின்றன. மாரிக்குப்பத்தில் கிளம்பி ஊரிகம் வழியாகப் போகும் ரயிலில் தினமும் வேலைக்குப் போகிறார்கள். அங்கேயும் பல கம்பெனிகளின் வாசலில் இதே பலகை உண்டு.

இந்தச் சான்றை யார் கொடுக்கிறார்கள்? எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்?

பொருளுக்கா, முறைக்கா?

நகை வாங்கும்போது ஹால்மார்க் முத்திரை பார்க்கிறோம். 916 என்று இருந்தால் 22 காரட் தங்கம். அந்த முத்திரை அந்த நகைக்கு உரியது.

ஐ.எஸ்.ஓ. 9001 அப்படி அல்ல. அது பொருளுக்குத் தரும் முத்திரை இல்லை. வேலை நடக்கும் முறைக்குத் தரும் சான்று. வாங்குபவர் கேட்டது என்ன என்று எழுதி வைத்தார்களா? வந்த இரும்பைச் சோதித்தார்களா? அளவுக் கருவி சரியாக இருக்கிறதா? தவறு நடந்தால், அது மறுபடி வராமல் இருக்க என்ன செய்தார்கள்? இவற்றைத்தான் பார்ப்பார்கள்.

சுரங்க வேலை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை பேர் கீழே இறங்கினார்கள்? எத்தனை பேர் மேலே வந்தார்கள்? இந்தக் கணக்கு வைப்பது சட்டம். கணக்கில் ஓர் ஆள் குறைந்தால் உடனே தேட வேண்டும். பதிவேட்டில் ஒரு வரி தவறினால், ஓர் உயிர் கீழே இருப்பது மேலே இருப்பவருக்குத் தெரியாமல் போகும். எழுதி வைக்கும் முறைக்கு இவ்வளவு மதிப்பு உண்டு.

விதி எழுதுவது யார்?

ஐ.எஸ்.ஓ. என்பது உலக நாடுகள் சேர்ந்து நடத்தும் தர அமைப்பு. 1947-ல் தொடங்கியது. ஸ்விட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா நகரில் அதன் தலைமை அலுவலகம் இருக்கிறது. 9001 என்ற விதித் தொகுப்பு 1987-ல் முதலில் வெளிவந்தது. பிறகு பலமுறை திருத்தப்பட்டது. சுற்றுச்சூழலுக்கு 14001 என்ற விதி 1996-ல் வந்தது. தொழிலாளர் பாதுகாப்புக்கு 45001 என்ற விதி 2018-ல் வந்தது.

ஐ.எஸ்.ஓ. விதியை மட்டும் எழுதும். சான்று கொடுக்காது. சான்று கொடுப்பதற்குத் தனி நிறுவனங்கள் உண்டு. நம் நாட்டின் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் கொடுக்கிறது. சான்று கொடுப்பவர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று பார்க்கவும் ஒரு வாரியம் இருக்கிறது. அது 1997-ல் அமைந்த இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் வருகிறது.

தணிக்கை எப்படி நடக்கும்?

1. முதலில் கம்பெனி தன் வேலை முறைகளை எழுதி, அதன்படி நடக்க வேண்டும். பிறகு தன்னைத்தானே தணிக்கை செய்ய வேண்டும். ஒருவர் தன் சொந்த வேலையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது.

2. பிறகு வெளியிலிருந்து தணிக்கையாளர் வருவார். முதல் கட்டத்தில் எழுத்து வேலைகளையும், கம்பெனி தயாராக இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்.

3. இரண்டாம் கட்டத்தில் வேலை நடக்கும் இடத்துக்கே வருவார். கண்ணால் பார்ப்பார், பதிவேட்டைப் புரட்டுவார், தொழிலாளியிடம் பேசுவார். எல்லாவற்றையும் பார்க்க நேரம் இருக்காது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போல, சிலவற்றை எடுத்துப் பார்ப்பார்.

4. குறை இருந்தால் எழுதிக் கொடுப்பார். ஓர் அளவுக் கருவியைச் சோதிக்கத் தவறியிருந்தால், அது சிறிய குறையாக இருக்கலாம். எந்தக் கருவியையும் சோதிக்கும் வழக்கமே இல்லை என்றால் அது பெரிய குறை. பெரிய குறையைச் சரி செய்யாமல் சான்று கிடைக்காது. குறைக்குக் காரணம் என்ன என்றும் கண்டுபிடிக்க வேண்டும்.

5. சான்று தரலாமா என்று முடிவு செய்வது தணிக்கைக்கு வந்தவர் அல்ல. அந்த நிறுவனத்தில் உள்ள வேறு ஆட்கள் முடிவு செய்வார்கள். சான்று மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் ஆண்டுதோறும் வந்து பார்ப்பார்கள். முறை கெட்டிருந்தால் சான்றை நிறுத்தி வைக்கலாம், திரும்பவும் பெறலாம்.

சான்று சொல்லாதவை

சான்று இருப்பதால் ஒவ்வொரு பொருளும் குறையற்றது என்று பொருள் இல்லை. சரியான கூலி கொடுக்கிறார்கள் என்றும் பொருள் இல்லை. தணிக்கைக்கான கட்டணத்தைக் கம்பெனியே கட்டுகிறது. அதனால்தான் தணிக்கை செய்பவர் அந்தக் கம்பெனிக்கு ஆலோசகராக இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பாரம் தூக்கும் சங்கிலியைத் தினமும் சோதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சங்கிலியைத் தொட்டுப் பார்க்காமலே பதிவேட்டில் "சரி" என்று எழுதினால் என்ன ஆகும்? தணிக்கையில் தப்பலாம். சங்கிலி அறுந்தால் கீழே நிற்பவர் தப்ப முடியாது.

தொழிலாளியின் பங்கு

பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கும்போது தொழிலாளரைக் கலந்து பேச வேண்டும். 45001 விதியே இதைச் சொல்கிறது. தணிக்கையாளர் கேள்வி கேட்டால் பயப்பட வேண்டாம். மனப்பாடம் செய்த பதில் தேவையில்லை. செய்யும் வேலையை உள்ளபடி சொன்னால் போதும்.

எந்தப் பதிவேட்டிலும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதாதீர்கள். யாராவது எழுதச் சொன்னால், "முதலில் சோதிப்போம், பிறகு எழுதுவோம்" என்று சொல்லுங்கள்.

படித்துப் பதில் சொல்லுங்கள்

1. ஹால்மார்க் முத்திரைக்கும் ஐ.எஸ்.ஓ. 9001 சான்றுக்கும் என்ன வேறுபாடு?
2. சிறிய குறை எது? பெரிய குறை எது?
3. உங்கள் வேலை இடத்தில் என்னென்ன பதிவேடுகள் இருக்கின்றன? அவற்றில் எழுதுவது யார்?