வெயிலும் வியர்வையும்

கோடையில் உஷ்ணம் மிகுவதற்குக் காரணம், சூரியன் பூமிக்கு அருகில் வருவதே என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது; அதன் ஒளி இங்கு வந்து சேர 8 நிமிஷங்களுக்குச் சற்று அதிகமாகிறது. பூமி சூரியனுக்கு மிகவும் சமீபமாக இருப்பது ஜனவரி மாத ஆரம்பத்தில், அதாவது மார்கழிக் குளிரிலேயாகும். பூமியின் அச்சு சுமார் 23½ டிகிரி சாய்ந்திருப்பதால், சித்திரை மாதத்தில் சூரிய கிரணங்கள் தமிழ்நாட்டின்மீது ஏறக்குறைய செங்குத்தாக விழுகின்றன. கோடை வெப்பத்திற்கு இதுவே முதற் காரணம்.

வெளியே உஷ்ணம் எவ்வளவு ஏறினும், மனித சரீரத்தின் உள் உஷ்ணம் 37 டிகிரி சென்டிகிரேடுக்கு அதிகமாக மாறாதிருத்தல் அவசியம். இதைக் காப்பது வியர்வை. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டைக் கவர்ந்து செல்வது யாவரும் அறிந்ததே. தோலிலுள்ள இருபது லட்சத்திற்கு மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகளும் அவ்விதமே தேகத்தைக் குளிரச் செய்கின்றன. ஆனால் வியர்வை ஆவியானால்தான் குளிர்ச்சி உண்டாகும். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரைப் பிரதேசங்களில் வியர்வை உலராமல் வழிந்தோடுவதால், உஷ்ணம் குறைந்த நாளிலும் புழுக்கம் வருத்துகிறது.

நாய் நாக்கை நீட்டி இளைப்பதும், மரங்கள் இலைகளின் நுண்துளைகள் வழியே நீரை ஆவியாக்குவதும் இதே முறையாகும். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மாட்டைவிடக் குறைவு, தோலும் கருமையானது. ஆதலால் அது குட்டையில் புரள்வது சோம்பலன்று, உயிர் காக்கும் உபாயமேயாகும். அதற்குத் தண்ணீரோ நிழலோ இன்றி வெயிலில் கட்டி வைத்தல் தகாது.

கடுங்கோடையில் களை எடுப்போருக்கும், வண்டியில் பாரம் ஏற்றுவோருக்கும், வியர்வையுடன் நீரும் உப்பும் வெளியேறுகின்றன. தாகம் எடுக்கும் வரை காத்திராமல், அவ்வப்போது தண்ணீரும் உப்பிட்ட நீர்மோரும் கஞ்சியும் அருந்த வேண்டும். வெயிலில் வேலை செய்து பழகாதவர் முதல் நாளே முழு வேலையும் செய்யலாகாது. தேகம் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும்.

தலைவலி, மயக்கம், வாந்தி ஆகியவை தோன்றினால் உடனே வேலையை நிறுத்தி நிழலுக்குச் செல்ல வேண்டும். ஒருவர் தேகம் நெருப்பாய்க் கொதிக்க, பேச்சுத் தடுமாறி, நினைவு தவறுமாயின், அது உயிருக்கே அபாயம். அவரை நிழலில் கிடத்தி, உடைகளைத் தளர்த்தி, உடலெங்கும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிற வேண்டும். மூர்ச்சையானவர் வாயில் தண்ணீர் புகட்டலாகாது. அது மூச்சுக் குழலில் இறங்கிவிடும். வைத்தியருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவர் வரும்வரை குளிரச் செய்வதை நிறுத்தாதிருப்பதே உயிர் காக்கும் வழி.