ஒலியைவிட 3 மடங்கு வேகம்... நொடியில் நொறுங்கிய விமானம்!

1966 ஜனவரி 25. அமெரிக்காவின் எஸ்.ஆர்-71 பிளாக்பேர்டு உளவு விமானம் சோதனைப் பயணத்தில் இருந்தது. ஓட்டியவர் பில் வீவர். பின் இருக்கையில் ஜிம் ஸ்வேயர். சுமார் 24 கிலோமீட்டர் உயரத்தில், ஒலியைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான வேகம். வலப்பக்கம் திரும்பும்போது வலது இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் கோளாறு. சில நொடிகளில் விமானமே துண்டு துண்டானது. வீவர் வெளியே குதிக்கவில்லை. அவரைச் சுற்றியிருந்த விமானம்தான் பிய்ந்துபோனது! பாராசூட் விரிந்து நியூ மெக்ஸிகோவில் உயிரோடு இறங்கினார். ஸ்வேயர் பிழைக்கவில்லை.

காற்று போகும் வழியில் அப்படி என்ன இருக்கிறது?

விமானம் எவ்வளவு வேகமாகப் பறந்தாலும், ஜெட் இன்ஜினுக்குள் நுழையும் காற்று ஒலியைவிட மெதுவாகத்தான் போக வேண்டும். சில மீட்டர் நீளத்துக்குள் அந்தக் காற்றுக்கு பிரேக் போட வேண்டும். அதற்குத்தான் பிளாக்பேர்டின் இன்ஜின் முகப்பில் அந்தக் கூர்மையான கூம்பு. வேகம் கூடக்கூட அது சுமார் 66 சென்டிமீட்டர் வரை பின்னால் நகரும். அது உருவாக்கும் அதிர்வலைகள் காற்றை அமுக்கி, வேகத்தைக் குறைக்கும். கடைசி அதிர்வலை உள்ளே நிற்க வேண்டும். அது வெளியே துப்பப்பட்டால், ஒரு பக்க உந்துவிசை சட்டென்று போய் விமானம் பக்கவாட்டில் வெட்டி இழுக்கும். இதன் பெயர் 'அன்ஸ்டார்ட்'. அன்று வலது பக்கம் நடந்தது இதுதான்.

அந்த அதிர்வலையைத் தள்ளிவிடக்கூடியவற்றில் ஒன்று, சுவரை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப்படலம். அதிர்வலையின் அழுத்தம் தாங்காமல் படலம் சுவரைவிட்டுப் பிரிந்தால், அங்கே சுழல்கள் நிரம்பி வழி குறுகிவிடும். ஊதுபத்திப் புகை கொஞ்ச தூரம் நேராக எழுந்து, பிறகு தாறுமாறாகச் சுருள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே குழப்பம்தான், அசுர வேகத்தில்!

காற்று நகர்வதற்கான சமன்பாடுகள் 19-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. ஆனால், ஒரு முழு காற்றுப்பாதையின் ஒவ்வொரு குட்டிச் சுழலையும் கணக்கிட்டுத் தீர்ப்பது சூப்பர் கம்ப்யூட்டருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் சராசரி ஓட்டத்தை மட்டும் கணக்கிட்டு, சுழல்களின் விளைவை ஒரு சூத்திரத்தால் மதிப்பிடுகிறார்கள். இதுதான் 'டர்புலன்ஸ் மாடல்'. 1992-ல் வந்த ஸ்பாலார்ட்-ஆல்மராஸ், 1994-ல் மென்டர் வெளியிட்ட எஸ்.எஸ்.டி இரண்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், அதிர்வலை மோதும் இடத்தில் படலம் எங்கே பிரியும், எவ்வளவு பெரிதாகப் பிரியும் என்பதற்கு மாடலுக்கு மாடல் விடை மாறுகிறது. நிஜத்தில் அதிர்வலை முன்னும் பின்னும் துடிக்கும். சராசரிக் கணக்கில் அந்தத் துடிப்பு காணாமல் போகிறது. அதனால்தான் சுவருக்கு அருகில் சூத்திரம், தள்ளியிருக்கும் பெரிய சுழல்களுக்கு நேரடிக் கணக்கு என்ற கலப்பு முறைகள் வந்தன. அதற்குப் பிறகும் காற்றுச் சுரங்கச் சோதனையை யாரும் விடவில்லை.

பிளாக்பேர்டை வடிவமைத்தவர்களுக்கு இந்த மாடல்கள் எதுவும் கிடையாது. படலத்தை உறிஞ்சி வெளியேற்ற கூம்பிலேயே திறப்புகள் வைத்தார்கள். 1980-களில் கூம்பை நகர்த்தும் வேலை டிஜிட்டல் கம்ப்யூட்டரிடம் போன பிறகுதான் அன்ஸ்டார்ட் அபூர்வமானது.

வீவர் அதுவரை காத்திருக்கவில்லை. விபத்து நடந்த இரண்டே வாரத்தில் இன்னொரு புத்தம்புது பிளாக்பேர்டில் ஏறிப் பறந்தார்!