நாள் பார்த்துப் பொரிக்கும் பண்டம்

ஆஸ்திரியா, தெற்கு ஜெர்மனியின் பவேரியா, இத்தாலியின் வடகோடியில் ஜெர்மன் பேசும் தென் டிரோல், அருகே ஸ்லொவீனியா என்று ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய ஊர்களில் ஜனவரி பிறந்துவிட்டால் பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டிகளை ஒரே பண்டம் நிறைத்துக்கொள்ளும். உள்ளங்கையில் அடங்கும் உருண்டை, நடுவில் ஓட்டை இல்லாத டோனட். உள்ளே ஆப்ரிகாட் ஜாம், மேலே தூவிய சர்க்கரைப் பொடி. ஜெர்மன் பேசுகிறவர்கள் கிராப்ஃபன் என்பார்கள், ஸ்லொவீனியர்கள் க்ரோஃப் என்பார்கள். தவக்காலத்துக்கு முந்திய ஃபாஷிங் என்னும் களியாட்ட நாள்களுக்கு உரியது இது. சுற்றுலாக் கையேடுகள் இதைப் பல நூற்றாண்டுப் பாரம்பரியம் என்று புகழ்கின்றன. அந்தப் பாரம்பரியம் பண்டத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தேடினால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். பூரணம் மாறியிருக்கிறது, மாவு மாறியிருக்கிறது, பொரிக்கும் கொழுப்பும் மாறியிருக்கிறது. விடாப்பிடியாக நிற்பது பஞ்சாங்கம் ஒன்றுதான் என்பது என் கட்சி.

வியன்னாவில் இதற்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. 1690 வாக்கில் செசிலியா என்ற பேக்கரிக்காரி, கோபத்தில் யார்மீதோ வீசிய மாவு உருண்டை குறி தப்பிக் கொதிக்கும் கொழுப்பில் விழுந்ததாம். அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே, 1486-ஆம் ஆண்டின் வியன்னா நகர ஒழுங்குவிதி ஒன்று கிராப்ஃபன் சுடும் பெண்களைத் தனித் தொழிலாளராகக் குறிப்பிடுகிறது. ஆக, கதை கதைதான். ஆனால் அந்தப் பெண்கள் சுட்டது இன்றைய பண்டமா என்றால், அதுவும் சந்தேகம். இடைக்கால ஐரோப்பாவில் சர்க்கரை பணக்காரர் வீட்டுச் சரக்கு. அக்கால ஜெர்மன் சமையல் குறிப்புகளில் இறைச்சி, மீன், பாலாடைக்கட்டி வைத்த கிராப்ஃபன்களே சகஜம். 1747-இல் மார்க்கிராஃப் என்ற பெர்லின் வேதியியலாளர் பீட்ரூட் இனக் கிழங்கில் சர்க்கரை இருப்பதைக் கண்டார். அவருடைய மாணவர் ஆஹார்ட் 1801-இல் சைலீசியாவில் ஆலை தொடங்கினார். அதன் பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டு நெடுக அந்தச் சர்க்கரை மலிந்த பிறகே சாதாரண வீடுகளில் ஜாம் காய்ச்சுவது பரவியது. டான்யூப் நதிக்கரையில் வாக்காவ் பள்ளத்தாக்கின் ஆப்ரிகாட் இன்று ஆஸ்திரியாவின் அடையாளம் போலப் பேசப்பட்டாலும், அங்கே அது பெரிய அளவில் பயிரானது 1890-களிலிருந்துதான். மலைப் பண்ணை வீடுகளின் கிராப்ஃபன் இன்னும் வேறு. தென் டிரோலில் கசகசா, செஸ்ட்நட் மசியல், உலர்ந்த பேரிக்காய் என்று கையில் கிடைத்ததைத் தட்டையான மாவில் வைத்து மடித்துப் பொரிப்பார்கள். அதைப் பார்த்தால் நமக்குச் சோமாசிதான் நினைவுக்கு வரும். அதுவும் கிராப்ஃபன், நகரத்து உருண்டையும் கிராப்ஃபன்.

இப்படிச் சொல்வதால் செய்முறையைக் குறைத்து மதிப்பதாக எண்ண வேண்டாம். நல்ல உருண்டை கிராப்ஃபன் செய்வது சள்ளை பிடித்த வேலை. மைதாவில் மஞ்சள் கருவைத் தாராளமாகச் சேர்த்து, பால், வெண்ணெய், ஈஸ்ட், சிறிது ரம் விட்டுப் பிசைகிறார்கள். ரம் விட்டால் மாவு கொழுப்பைக் குறைவாகக் குடிக்கும் என்பது தொழில்காரர்கள் சொல்லும் கணக்கு. உருட்டி வைத்தது நன்றாகப் பொங்கிய பிறகு, 160 முதல் 170 டிகிரி சூட்டில் இருக்கும் கொழுப்பில் மேல்பக்கம் கீழாக விழும்படி நழுவவிட்டு, உடனே சட்டியை மூடிவிடுகிறார்கள். உள்ளே அடைபடும் நீராவியில் இன்னும் வேகாத மறுபக்கம் உப்புகிறது. புரட்டிப் போட்ட பின் மூடி கிடையாது. காற்றுப் பிடித்த உருண்டை பாதி முங்கி மிதப்பதால் அதன் இடுப்புப் பகுதி கொழுப்பைத் தொடுவதே இல்லை. இரு பக்கமும் செம்பழுப்பாகச் சிவந்திருக்க, நடுவில் விரல் அகலத்துக்கு வெள்ளை வளையம் ஒன்று ஒட்டியாணம் மாதிரி நிற்கும். விவரம் தெரிந்தவர்கள் வாங்கும்போது முதலில் தேடுவது அந்த வளையத்தைத்தான். பொங்காத கனத்த மாவு அமிழ்ந்துவிடும், வளையம் விழாது. ஜாமை இன்று பொரித்த பிறகு நீண்ட குழாய்முனையால் உள்ளே செலுத்துகிறார்கள். முன்பு இரண்டு மாவு வட்டங்களுக்கு நடுவில் ஜாமை வைத்து ஓரத்தை அழுத்தி மூடிப் பொரிப்பதும் உண்டு. இந்த வித்தை எல்லாம் உயர்ந்ததுதான். ஆனால் இதே வித்தையைச் சித்திரை வெயிலில் செய்து காட்டினால் அந்த ஊர்க்காரர் அதைக் களியாட்டப் பண்டமாக எண்ண மாட்டார்.

காரணம், எல்லாம் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனோடு கட்டப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் அதே நாள்தான். ஈஸ்டருக்கு 46 நாள் முன்னதாக வருவதால் அது பிப்ரவரி 4-இலிருந்து மார்ச் 10 வரை எந்தத் தேதியிலும் விழலாம். இடைக்காலத் திருச்சபை தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய், விலங்குக் கொழுப்பு எல்லாவற்றையும் விலக்கியிருந்தது. ஆகவே வீட்டில் இருந்ததை அதற்குள் தீர்த்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி பண்ணையில் இருக்கிறது. மலைநாட்டில் பன்றி அறுப்பது கடுங்குளிர் தொடங்கும் மாதங்களில். அதன் உருக்கிய கொழுப்பு ஜனவரியில் பானை நிறைய இருக்கும். கோடையில் மலைமேய்ச்சலில் கறந்த பாலின் வெண்ணெயை உருக்கி, நம் நெய்யைப் போலவே, கெடாமல் எடுத்து வைத்திருப்பார்கள். பகல் குறுகிய மார்கழி வாக்கில் முட்டையிடுவதை நிறுத்திய கோழிகள், பிப்ரவரியில் வெளிச்சம் நீள நீள மறுபடி இடத் தொடங்கும். கொழுப்பும் முட்டையும் ஒருசேரக் கையில் இருக்கும் வாரங்கள் இவை. திருச்சபை தடை போட்டதும் அதே வாரங்களின் முடிவில். தடை இல்லாவிட்டாலும் அந்தக் குளிர்காலக் கடைசியில் ஏதோ ஒன்றைப் பொரித்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கிராப்ஃபன் களியாட்டத்துக்கு மட்டும் உரியதாக ஒருபோதும் இருந்ததில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். கிழக்கு டிரோலில் அனைத்துப் புனிதர் பெருவிழாவை ஒட்டி வேடமிட்டு வீடு வீடாகப் போய் அதைக் கேட்டு வாங்கும் வழக்கம் இருந்தது. தென் டிரோலில் இலையுதிர் காலத்தில் புது ஒயின் குடிக்கும் விருந்துகளிலும் அது தட்டில் வரும். ஆனால் இவையும் பஞ்சாங்கம் குறித்த நாள்களே. பண்ணை வாழ்க்கையில் இவ்வளவு கொழுப்பைச் சட்டியில் ஊற்றுவது ஊர் அறிந்த காரணம் இருந்தால்தான் நடக்கும். எனவே இது என் வாதத்தைக் கொஞ்சம் அகலப்படுத்துகிறது, உடைத்துவிடவில்லை. இன்னொரு மறுப்பு சட்டத்திலிருந்து வருகிறது. ஆஸ்திரிய அரசின் உணவு விதிநூல் களியாட்டக் கிராப்ஃபனுக்கு மஞ்சள் கருவின் குறைந்தபட்ச அளவைச் சொல்கிறது, ஆப்ரிகாட் ஜாமையே அதன் இயல்பான பூரணமாகக் கொள்கிறது. செய்முறை அவ்வளவு முக்கியமில்லை என்றால் அரசு ஏன் அதை எழுதி வைக்க வேண்டும்? வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்பதற்காக. முட்டையைக் குறைத்து நிறம் கூட்டுவது எந்த நாட்டுப் பேக்கரிக்கும் எட்டாத யோசனை அல்லவே! அந்த விதி காப்பது நுகர்வோரை. பழமையை அது காக்கிறது என்று சொல்ல, பண்டத்தின் பழைய வடிவங்களை அது ஏற்றிருக்க வேண்டும்.

என்னைத் தடுமாற வைப்பது மூன்றாவது மறுப்பு: தவக்காலத் தடையே போய்விட்டபோது தேதிக்கு என்ன பொருள்? தடை படிப்படியாகத்தான் போனது. 1491-இல் போப் எட்டாம் இன்னசென்ட் சாக்சனி பகுதிக்கு வெண்ணெயை அனுமதித்தார். 1917-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு முட்டையையும் பால் பொருள்களையும் பொதுவாக விலக்கும் பழக்கத்தைக் கைவிட்டது. 1966-இல் போப் ஆறாம் பவுல் கட்டாய உண்ணாநோன்பைத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என இரண்டு நாளாகச் சுருக்கினார். ஆக, கிராப்ஃபனில் சேரும் எதையும் திருச்சபைச் சட்டம் பொதுவாக விலக்காமல் நூறாண்டுக்கு மேல் ஆகிறது. லூப்லியானாவிலிருந்து செல்யே போகும் வழியில் உள்ள ட்ரோயானே கணவாய் விடுதியில் 1960-களிலிருந்து ஆண்டு முழுவதும் பெரிய பெரிய க்ரோஃப்கள் விற்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டுகளும் அப்படித்தான். சட்டம் விட்ட பிறகும் தேதி ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அதைத் தாங்கும் வேறு தூண்கள் முளைத்துவிட்டன. வியன்னாவின் நடன விருந்துகள் இந்தப் பருவத்தில்தான். அவற்றில் பெரிய ஓப்பரா நடனம் திருநீற்றுப் புதனுக்கு முந்திய வியாழன்று நடக்கிறது. தென் டிரோலின் டிராமினில் ஒற்றைப்படை ஆண்டுகளில் எகெட்மன் ஊர்வலம், ஸ்லொவீனியாவின் ப்டூயில் ஆட்டுத்தோல் போர்த்து மணி கட்டிய குரெண்ட் வேடக்காரர்கள் வீடு வீடாகச் சுற்றுவது, எல்லாம் அதே நாள்களில். கூட்டம் தெருவில் இறங்கும் நாளில் சட்டி அடுப்பில் ஏறுகிறது. வியாபாரிகளின் கணக்கும் இதையே பின்பற்றுகிறது. 2025-இல் திருநீற்றுப் புதன் மார்ச் 5-இல் வந்தது, 2027-இல் அது பிப்ரவரி 10-ஆம் தேதியே வந்துவிடும். அந்த ஆண்டு பேக்கரிகளுக்கு மூன்று வாரத்துக்கும் மேல் பருவம் குறைகிறது.