வெள்ளைப் புகை: கோட் றீடருக்குத் தெரியாத கதை

இந்தக் கிழமை எபிசோட்டில் காரில் செருகுகிற கோட் றீடர்களைப் பற்றிக் கதைச்சோம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி-2 சொக்கற், 1996 மொடல் முதல் அமெரிக்காவில் விற்கிற பெற்றோல் கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயம். அதிலே ஒரு சின்ன புளூடூத் கருவியைச் செருகினால் கார் தன்ர வருத்தத்தை உங்கட போனுக்குச் சொல்லும். ஆனால் பிறகு வந்த கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது: “சைலன்சரால வெள்ளைப் புகை வருது, அப் ஒண்டும் சொல்லேல்லை. ஓடலாமா?”

அப் சொல்லாததில் ஆச்சரியமில்லை. புகையின் நிறத்தைப் பார்க்கிற சென்சர் காரில் கிடையாது. இதுக்கு உங்கட கண், மூக்கு, ஒரு மணிக்கூடு, இந்த மூன்றும்தான் கருவி.

முதலில் பயத்தைக் குறைப்போம். பெற்றோல் என்பது ஐதரசனும் காபனும் சேர்ந்த பொருள். எரியும்போது அந்த ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து தண்ணியாகிறது. 1 லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லீற்றர் தண்ணி வரும்! கோடையில் அது கண்ணுக்குத் தெரியாத ஆவியாகப் போய்விடும். ரொறன்ரோவில் ஜனவரி காலையில், மைனஸ் 15இல், உங்கட மூச்சு வெள்ளையாகத் தெரிகிற மாதிரியே அதுவும் தெரியும். ராத்திரி சைலன்சருக்குள் தேங்கின தண்ணியும் சேர்ந்து வரும். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுகிற காரில் இது இன்னும் கூட, ஏனென்றால் அந்தக் குழாய் ஒருநாளும் வடிவாகச் சூடாகிறதில்லை.

அதனால் பார்க்க வேண்டியது புகை வருதா என்பதை இல்லை, எவ்வளவு நேரம் வருது என்பதை. 15, 20 நிமிசம் ஓடின பிறகு சிவப்பு லைற்றில் நிற்கும்போது பக்கத்துக் கார்களோடு ஒப்பிட்டுப் பாருங்கோ. கடும் குளிரில் எல்லாக் காரும் கொஞ்சம் விடும், ஆனால் அது மெல்லிசு, கொஞ்சத் தூரத்திலேயே மறைஞ்சு போகும். உங்கட கார் மட்டும் தடிப்பாக விட்டு, அந்தப் புகை மறையாமல் றோட்டிலேயே தொங்கிக்கொண்டு நின்றால், அதில் ஒரு இனிப்பு மணமும் இருந்தால், அது கூலன்ட். மணம் பார்க்கிறதுக்குக் குழாயடியில் குனிய வேண்டாம், சற்றுத் தள்ளி நின்றாலே தெரியும். மூடின கராஜுக்குள் வைத்துச் சோதிக்கவே கூடாது: காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கூலன்ட் எப்படி அங்கே போகுது? எஞ்சினின் கீழ்ப்பாதி பிளொக், மேல்பாதி ஹெட். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய ஹெட் கஸ்கெற். நெருப்பு எரிகிற சிலிண்டரையும் கூலன்ட் ஓடுகிற வழியையும் அதுதான் பிரித்து வைக்கிறது. எஞ்சின் ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் அலுமினிய ஹெட் வளையலாம், கஸ்கெற் விட்டுக்கொடுக்கலாம். காரை நிற்பாட்டின பிறகும் கூலன்ட் அழுத்தத்தில்தான் இருக்கும். அப்ப அது மெல்ல மெல்லச் சிலிண்டருக்குள் கசியும்.

என்ர சித்தப்பாவின் காருக்கு இதேதான் நடந்தது. சாப்பாட்டு டெலிவரி அவருடைய வேலை, கார் நின்றால் வருமானமும் நிற்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஒரு நிமிசம் உதறும், வெள்ளைப் புகை வரும், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். கோட் றீடர் பி0303 என்றது, அதாவது மூன்றாம் சிலிண்டர் வடிவாக எரியவில்லை. ஒரு கராஜில் பிளக்கும் கொயிலும் மாற்றிவிட்டார்கள். இரண்டு கிழமையில் அதே கோட். அவர்கள் கோட்டை வாசித்தார்களே தவிர, புகையைப் பார்க்கவில்லை. ராத்திரி கசிந்த கூலன்ட் பிளக்கை நனைத்துக்கொண்டிருந்தால் எத்தனை புதுப் பிளக் போட்டும் என்ன பிரயோசனம்?

நான் செய்தது ஒரு துண்டு டேப் ஒட்டினதுதான். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது கூலன்ட் ராங்கில் மட்டத்தைக் குறித்தோம். ஒரு கிழமையில் ஒரு விரல் அகலம் இறங்கியிருந்தது, நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை. கேபின் ஹீட்டரும் இடைக்கிடை குளிர்காற்று அடித்தது. கூலன்ட் குறைந்து காற்றுப் புகுந்தால் அப்படி நடக்கும். பிறகு வேற ஒரு மெக்கானிக்கிடம் பிளொக் ரெஸ்ற் செய்யச் சொன்னோம். நீலத் திரவம் ஒன்றை வைத்து ரேடியேற்றருக்கு மேலே உள்ள காற்றை அதற்குள் இழுப்பார்கள். எரிந்த வாயு அதில் இருந்தால் நீலம் மஞ்சளாகும். எங்களுக்கு மஞ்சளானது. திருத்த 2,400 டொலர் கேட்டார்கள், காரின் பெறுமதி அதைவிடக் கூட என்றபடியால் திருத்தினார். அதுவரைக்கும் என்ர கார்தான் பிரியாணி கொண்டு திரிஞ்சது.

ஒயில் மூடிக்குக் கீழே பால் மாதிரி இருந்தால் கஸ்கெற் போச்சு என்று சில பேர் அடித்துச் சொல்லுவினம். குளிர்காலத்தில் கிட்டக் கிட்ட ஓடுகிற காரில் வெறும் ஈரமே அப்படிப் படியும். டிப்ஸ்ரிக்கிலும் பால் நிறம் என்றால்தான் பயப்படுங்கோ. சூடான ரேடியேற்றர் மூடியை மட்டும் திறக்காதேங்கோ. அழுத்தத்தில் 100 பாகைக்கு மேலேயும் கொதிக்காமல் இருக்கிற தண்ணி, திறந்த உடனே முகத்தில் கொதித்துப் பாயும்.

“கொஞ்ச நாள் இப்படியே ஓடுவம்” என்றால்? கூலன்டில் உள்ள இரசாயனங்கள் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைக் கெடுக்கும். அது ஒயிலோடு கலந்தால் பெயாரிங் தேயும். சிலிண்டருக்குள் கனக்கத் தேங்கினால் ஸ்டார்ட் பண்ணும்போது பிஸ்டனால் தண்ணியை அமத்தேலாது, கொனெக்ரிங் றொட் வளையும். கடையில் விற்கிற “கசிவு அடைக்கும்” போத்தலை நான் வாங்கமாட்டேன். அது ஓட்டையை அடைக்குதோ இல்லையோ, ஹீட்டரின் சின்னக் குழாய்களையும் அடைக்கலாம்.

டீசல் என்றால் கதை கொஞ்சம் வேற: குளிரில் எரியாத டீசலே வெள்ளையாக வரும், கண் எரியும், குளோ பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கோ. நீலமாக வந்தால் அது ஒயில்.

பழைய கார் வாங்கப் போற ஆக்களுக்கு ஒன்று. விற்கிறவர் நீங்கள் வர முன்னமே காரைச் சூடாக்கி வைத்திருந்தால், ஸ்டார்ட் பண்ணுகிற நேரத்து உதறலும் புகையும் உங்களுக்குத் தெரியாது. போன உடனே பொனற்றில் கை வையுங்கோ. சூடாக இருந்தால், நாளைக்குக் காலமை வாறன், அதுக்கு முதல் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிப்போட்டு வாங்கோ.