மெக்ஸிகோவில் விழுந்த இடி நல்லூரிலும் விழுந்தது

கொல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த தமிழர் எவரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் வங்காளச் சொற்களில் ‘லொங்கா’ ஒன்று. லேக் மார்க்கெட்டில் பச்சை மிளகாய் வேண்டுமென்றால் ‘காஞ்சா லொங்கா’ என்று கேட்க வேண்டும். இலங்கையின் பெயரையே மிளகாய்க்குச் சூட்டிவிட்டார்கள் வங்காளிகள். ஆனால் மிளகாய் பிறந்த இடம் இலங்கையும் அல்ல, இந்தியாவும் அல்ல, மெக்ஸிகோ. ஆங்கிலத்தில் ‘சில்லி’ என்கிறோமே, அது அங்கே வாழ்ந்த அஸ்டெக் மக்களின் நஹுவாட்ல் பாஷைச் சொல். போர்ச்சுகீசியர் கப்பலில்தான் அது நம் நாட்டுக்கு வந்தது. அதுவரை நம் முன்னோர் காரத்துக்கு மிளகைத்தான் நம்பியிருந்தார்கள்.

நம் சமையலுக்கு மிளகாயைக் கொடுத்த அந்த ஜனங்களுக்கு நேர்ந்த கதி, தமிழரின் ராஜ்யம் ஒன்றுக்கும் நூறு ஆண்டு கழித்து நேர்ந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லான் ஓர் ஏரியின் நடுவே தீவில் எழுந்த நகரம். சுமார் இரண்டு லட்சம் பேர் அங்கே வாழ்ந்தார்கள் என்பது பலரின் மதிப்பீடு. ஆழமில்லாத தண்ணீரில் சேற்றைக் குவித்துப் பாத்தி கட்டி, வருஷம் முழுவதும் சோளமும் தக்காளியும் மிளகாயும் விளைவித்தார்கள். சந்தைக்குச் சரக்கு தோணியில் வந்தது. அதே நகரத்தின் நடுவிலிருந்த பெரிய கோயிலில் மனிதரைப் பலி கொடுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பக்கத்து நாட்டாரை அடக்கிக் கப்பம் வாங்கிய அரசு அது. அதனால் வெளியே அதற்குப் பகைவர்கள் நிறைய.

1519-இல் ஹெர்னான் கோர்ட்டெஸ் என்ற ஸ்பானியர் சுமார் 500 சிப்பாய்களோடும் 16 குதிரைகளோடும் கரையிறங்கினார். இவ்வளவு சின்னக் கூட்டம் ஒரு சாம்ராஜ்யத்தைப் பிடித்ததா என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது நாம் ஆச்சரியப்பட்டோம். அப்படிப் பிடிக்கவில்லை என்பதே உண்மை. அஸ்டெக்குகளின் பரம வைரிகளான ட்லாஸ்கலா நாட்டார் பல்லாயிரம் பேர் கோர்ட்டெஸுக்குத் துணையாக நின்றார்கள். இன்னொரு துணை கண்ணுக்குத் தெரியாதது. 1520-இல் பெரியம்மை வந்தது. அந்த நோயை அதற்கு முன் கண்டறியாத ஜனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். அரியணையில் ஏறிச் சுமார் 80 நாளே ஆன மன்னர் குயிட்லாவாக்கும் அம்மைக்குப் பலியானார். 1521 ஆகஸ்ட் 13-ஆம் தேதி நகரம் வீழ்ந்தது. கடைசி மன்னர் குவாட்டெமோக்கைப் பிடித்து, தங்கம் எங்கே என்று கேட்டுக் காலைச் சுட்டார்கள். 1525-இல் தூக்கிலிட்டார்கள்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். ஆரியச் சக்கரவர்த்திகள் என்ற பட்டத்தோடு தமிழ் மன்னர்கள் நல்லூரைத் தலைநகராக வைத்து ஆண்ட ராஜ்யம் அது. முத்து, யானை, கப்பல் வியாபாரம் மூன்றும் அதற்குச் செல்வம். கோர்ட்டெஸ் மெக்ஸிகோவில் இறங்கிய அதே 1519-இல்தான் முதலாம் சங்கிலி அரசுகட்டில் ஏறினார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மன்னாரில் மதம் மாறிய சுமார் 600 பேரை 1544-இல் அவர் கொன்றதும் சரித்திரம்தான். அதை மூடி மறைப்பதில் லாபமில்லை. அதைக் காரணம் காட்டியே பறங்கியர் 1560-இல் நல்லூர் மீது படையெடுத்தார்கள். ஜனங்கள் திரண்டு எதிர்த்ததால் நிலைத்து நிற்க முடியாமல், மன்னார் தீவை மட்டும் பிடித்துக் கோட்டை கட்டிக்கொண்டார்கள். மறுபடி 1591-இல் வந்து மன்னரைக் கொன்று, தங்களுக்கு இணங்கிய எதிர்மன்னசிங்கத்தைச் சிம்மாசனத்தில் வைத்தார்கள்.

அவர் 1617-இல் இறந்தபோது வாரிசு சிறுபிள்ளை. அரச குடும்பத்துக்குள்ளேயே வெட்டுக்குத்து. இளவரசர்களைக் கொன்று அதிகாரத்தைப் பிடித்தவர் சங்கிலி குமாரன் என்ற இரண்டாம் சங்கிலி. பறங்கியருக்கு வேறென்ன வேண்டும்? 1619-இல் பிலிப் டி ஒலிவேரா படையோடு வந்தான். கடல்வழியே தப்ப முயன்ற சங்கிலி பிடிபட்டார். கோவாவுக்குக் கொண்டுபோய் 1623-இல் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். தஞ்சை நாயக்கர் அனுப்பிய படையாலும் ராஜ்யத்தை மீட்க முடியவில்லை. ‘யாழ்ப்பாண வைபவமாலை’ காக்கை வன்னியன் என்பவனைக் காட்டிக் கொடுத்தவனாகச் சொல்கிறது. ஆனால் அந்த நூல் இரண்டு சங்கிலிகளையும் ஒருவராக்கிக் குழப்பிவிடுகிறது. ஒரு காக்கை வன்னியன் மேல் பழியைப் போட்டுவிட்டால் மற்றவர்களுக்கு நிம்மதி. வீடே இரண்டுபட்டுக் கிடந்ததை யாரும் பேச வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி கேளுங்கள். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒரே அரசர். எனவே 1619-இல் யாழ்ப்பாணம் யார் பெயரால் பிடிக்கப்பட்டதோ, அந்த மூன்றாம் பிலிப்பே மெக்ஸிகோவுக்கும் அதிபதி. டெனோச்டிட்லான் வீழ்ந்து நூறாவது ஆண்டான 1621-இல் நல்லூர் கந்தசாமி கோயிலை ஒலிவேரா இடித்துத் தள்ளினான். அந்தக் கற்கள் கோட்டை கட்டப் போயின என்பார்கள். மெக்ஸிகோவிலும் பெரிய கோயிலின் கற்கள் மாதா கோயில் கட்டப் பயன்பட்டன. நல்லூரில் பழைய கோயில் இருந்த இடத்தில் இன்று நிற்பதும் மாதா கோயில்தான். இப்போது 25 நாள் திருவிழா நடக்கும் கந்தசாமி கோயில், பதினெட்டாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் காலத்தில் வேறு இடத்தில் எழுப்பியது.

ஒரே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மெக்ஸிகோவில் நூறு ஆண்டுக்குள் பத்தில் ஒன்பது பங்கு மக்கள் அழிந்தார்கள் என்று பல சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அம்மையும் மற்றத் தொற்றுநோய்களும் அடிமை வேலையும் சேர்ந்து செய்த நாசம் அது. தமிழருக்கோ அம்மை புதிதல்ல. தலைமுறை தலைமுறையாக அதோடு வாழ்ந்து பழகிய உடம்பு. பறங்கியர் அரசைப் பறித்தார்கள், கோயிலை இடித்தார்கள், காணி பூமியையெல்லாம் ‘தோம்பு’ என்ற பதிவேட்டில் எழுதி வரி வாங்கினார்கள். ஆனால் ஊர்கள் காலியாகவில்லை. விக்கிரகங்களைக் கிணற்றில் மறைத்தவர்கள் உண்டு. விரதச் சோறு உண்ட இலையை வெளியே எறிந்தால் அகப்பட்டுக்கொள்வோம் என்று கூரையில் செருகி வைத்ததாகவும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இதே பறங்கியர் நம் கொல்கத்தாவின் வாசலிலும் இருந்தார்கள். ஹௌராவிலிருந்து லோக்கல் ரயிலில் பாண்டெல் மாதா கோயிலுக்குப் போய் வந்தவர்களுக்கு இது தெரியும். ஹூக்ளியில் அவர்கள் பெரிய துறைமுகமே வைத்திருந்தார்கள். அங்கே டெனோச்டிட்லான் கதை நடக்கவில்லை. 1632-இல் ஷாஜஹானின் படை மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு ஹூக்ளியைப் பிடித்தது. வங்காளத்தில் அவர்கள் விட்டுச் சென்றவை பெரும்பாலும் சொற்களே. நாம் ‘சாவி’ என்பதை வங்காளிகள் ‘சாபி’ என்கிறார்கள். நம் ஜன்னல் அவர்களுக்கு ‘ஜானாலா’. அலமாரி இருவருக்கும் பொது. எல்லாம் பறங்கியர் கொடுத்தவை.

யாழ்ப்பாணத்துக்கும் வங்காளத்துக்கும் இன்னொரு முடிச்சு உண்டு. பறங்கியர் ஆட்சியில் அதிகாரிகளின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஒரு பசு முறைவைத்துக் கொடுக்க வேண்டும் என்று கட்டளை இருந்ததாம். நல்லூருக்கு அருகே திருநெல்வேலி என்ற ஊரைச் சேர்ந்த ஞானப்பிரகாசர், தம் வீட்டு முறை வருவதற்கு முதல்நாள் இரவே ஊரை விட்டுப் புறப்பட்டுவிட்டார். சிதம்பரம் வந்தார். பிறகு கௌட தேசம், அதாவது இந்த வங்காளத்துக்கு வந்து, வடமொழியும் தர்க்கமும் கற்றார் என்று அவர் வரலாறு சொல்கிறது. சிவஞான சித்தியாருக்கு உரை எழுதியவர் அவர்தான். பாஷை தெரியாத ஊரில் வந்திறங்கி, ஒரு குருவின் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து பாடம் கேட்ட அந்தத் தமிழர், நமக்கெல்லாம் நானூறு வருஷம் முந்தியவர்.

திரும்பிப் போய் அவர் வெட்டிய ஞானப்பிரகாசர் குளம் சிதம்பரத்தில் இருக்கிறது. லீவில் ஊருக்குப் போகிறவர்கள் நடராஜர் தரிசனம் முடிந்ததும் அந்தப் பக்கமும் ஒரு நடை போய் வரலாம்.