தட்டில் என்ன வைப்பது?

சென்னைப் பாடியில் பஸ் ஏறுகிறவர்கள் நிறுத்தத்தையே 'லூகாஸ்' என்றுதான் சொல்வார்கள். 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்யும் ஊர் இது. இங்கே ஓர் உதிரிபாகக் கடைக்கு இணையதளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் கைபேசியில் ஆல்டர்னேட்டர் என்று தேடுகிறார். பெயர், படம், விலை எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. அந்தக் கண நேரத்துக்குள் சர்வரில் மூன்று பகுதிகள் தங்கள் வேலையை முடித்திருக்கின்றன.

மாடல் என்பது தரவுத்தளத்தை அறிந்த பகுதி. வியூ, பக்கத்தை எழுதும் பகுதி. நடுவில் நிற்கும் கண்ட்ரோலர், வந்த கோரிக்கையைப் படித்து, மாடலிடம் வேண்டியதை வாங்கி, வியூவிடம் கொடுக்கிறது. ஆலையின் அசெம்பிளி வரிசையில் நிற்கும் தொழிலாளி ஸ்டோருக்கு ஓடுவதில்லை. வேண்டிய பாகங்கள் தட்டில் வைக்கப்பட்டு அவரிடம் வந்துவிடும். வியூவுக்கும் அப்படி ஒரு தட்டுதான் வருகிறது.

இந்த மூவர் கூட்டணியை 1979-இல் வகுத்தவர் நார்வேக்காரரான டிரைக்வே ரீன்ஸ்காக். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் அவர் நினைத்தது வேறு மாதிரி: மாடல் மாறினால் வியூவுக்கே சேதி போகும், திரை தானாகத் திருந்திக்கொள்ளும். எல்லாம் ஒரே கணினிக்குள் இருந்த காலம் அது. வலையில் திரை எங்கோ ஒரு கைபேசியில் இருக்கிறது. பதில் அனுப்பியதும் சர்வர் அந்தக் கோரிக்கையை மறந்துவிடும். ஆகவே ஒரு கோரிக்கைக்கு ஒரு தட்டு, ஒரே முறை என்றாயிற்று.

தட்டை நீட்டும் விதத்தில்தான் இணையதளம் கட்ட உதவும் ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்கின் குணமும் தெரிகிறது. ஜாங்கோவில் 'விலை' என்று பெயர் ஒட்டி மதிப்பை வைத்து, பட்டியலாகக் கையில் கொடுக்க வேண்டும். ரூபி ஆன் ரெயில்ஸ் கொஞ்சம் மாயக்காரன். கண்ட்ரோலரில் @ குறியோடு ஒரு பெயர் வைத்தால் போதும், வியூவில் அது இருக்கும். கண்ட்ரோலரும் வியூவும் தனித்தனிப் பொருள்கள். நமக்குத் தெரியாமல் ரெயில்ஸ்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்களை எடுத்து வைக்கிறது. வசதிதான். ஆனால் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடும்போது கண் வலிக்கும். ஜாங்கோவில் பக்கத்தை எழுதும் டெம்ப்ளேட்டுக்கு வேறொரு பழக்கம்: தட்டில் இல்லாத பெயரைக் கேட்டால் பொதுவாக அது கத்தாது, வெற்றிடம் விட்டுவிடும். ஓர் எழுத்துப் பிழை போதும், விலையில்லாத ஆல்டர்னேட்டர் கடைக்கு வந்துவிடும். ஏஎஸ்பி.நெட்டில் வியூவுக்கு இன்ன வகைத் தரவுதான் வரும் என்று முன்பே அறிவித்துவிட்டால், பக்கத்தைத் தொகுக்கும்போதே பிழை பிடிபடும். எனக்கு இந்தக் கறார் பிடிக்கும்.

தட்டில் என்ன வைப்பது என்பது இன்னும் பெரிய கேள்வி. கடையின் தரவுத்தளத்தில் விற்பனை விலைக்குப் பக்கத்திலேயே கொள்முதல் விலையும் இருக்கும். சோம்பேறித்தனமாக முழுப் பதிவையும் கொடுத்தால், சர்வரிலேயே எழுதப்படும் பக்கத்தில் ஆபத்து குறைவு. டெம்ப்ளேட் எழுதச் சொன்னதைத்தான் எழுதும். அதே பதிவை ஜேசன் என்ற தரவு வடிவில் உலாவிக்கு அனுப்பினால் கதை வேறு. திரையில் தெரியாவிட்டாலும், உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறந்தவர் கடைக்காரரின் லாபத்தைப் படித்துவிடுவார். ஆகவே போக வேண்டியவற்றை மட்டும் பெயர் சொல்லிப் பொறுக்கி வைப்பதே நல்ல பழக்கம்.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. சில சமயம் தட்டில் பாகமே இருக்காது, பாகத்துக்கான சீட்டு மட்டும் இருக்கும். ஜாங்கோவின் கண்ட்ரோலர் பகுதி 'எல்லா ஆல்டர்னேட்டரும்' என்று சொல்லும் கணத்தில் தரவுத்தளம் தொடப்படுவதே இல்லை. டெம்ப்ளேட் முதல் வரியை எழுத முற்படும்போதுதான் கேள்வி போகிறது. 50 பாகங்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் பெயரையும் காட்டினால், பட்டியலுக்கு 1, பெயர்களுக்கு 50 என்று 51 கேள்விகள். பாகங்கள், தயாரிப்பாளர்கள் என்ற இரண்டு அட்டவணைகளையும் இணைத்துக் கேட்கும்படி கண்ட்ரோலரில் ஒரு சொல் சேர்த்தால் 51, 1 ஆகிவிடும். பக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறாது.